செம்பருத்தியில் புல்புல் கூடு, மதில் மேல் பூனை: குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றுவது?

செம்பருத்திவேலி:

வணக்கம். காம்பவுண்டு மதிலை ஒட்டிய செம்பருத்தியில் புல்புல் (கொண்டைக்குருவி) கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. கூடு தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மதிலின் உயரம் 150 செ.மீ. கூட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 90 செ.மீ. இடைவெளிதான். குஞ்சுகளுக்குக் கண் லேசாகத் திறந்திருக்கிறது. இறக்கையில் கறுப்பாகக் குச்சி குச்சியாக முளைத்திருக்கிறது, இறகு இன்னும் விரியவில்லை.

இரண்டு பூனைகள் வருகின்றன. ஒன்று பக்கத்து வீட்டு வளர்ப்பு, கழுத்தில் மணி உண்டு. மற்றது தெருப்பூனை. இரண்டும் மதில் மேல் உட்கார்ந்து செடியையே பார்க்கின்றன.

என் சந்தேகங்கள்:
1. கூட்டை உயரமான இடத்துக்கு மாற்றலாமா?
2. செடியைச் சுற்றி வலை கட்டலாமா? கையில் நைலான் வலை இருக்கிறது.
3. குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிய பிறகு என்ன செய்வது?
4. அடுத்து கம்பத்தில் சிட்டுக்குருவிப் பெட்டி வைக்கப் போகிறேன். அதில் பூனை ஏறாமல் இருக்க என்ன வழி?

பூனைகளுக்கும் காயம் படக் கூடாது.

---

கூட்டுக்காவல்:

கூட்டை நகர்த்தாதீர்கள். தாயும் தகப்பனும் இடத்தைக் குறிவைத்துத்தான் இரையோடு வரும். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் பழைய இடத்திலேயே சுற்றித் தேடும். கூடு தானாக அறுந்து விழுந்தால் மட்டும் வேறு வழியில்லை. அப்போதும் அதே செடியில், ஒரு மீட்டருக்குள், அதே உயரத்தில் வைக்க வேண்டும்.

நைலான் வலை வேண்டவே வேண்டாம். தளர்வாகத் தொங்கும் வலையில் பறவையின் கால் நகமும் இறக்கை மூட்டும் சிக்கிக்கொள்ளும். உதற உதற இறுகும். ஓணானும் பாம்பும்கூட மாட்டிச் சாகும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் குஞ்சுகளுக்கு ஐந்து ஆறு நாள் வயது. கறுப்புக் குச்சிகள் இறகின் உறைகள். அவை நுனியில் பிளந்து இறகு விரிந்துவிட்டால் அதன்பின் கூட்டருகே எந்த வேலையும் செய்யக் கூடாது. கிளை அசைந்தாலே மூன்றும் ஒன்றாகக் குதித்துவிடும், பறக்கவும் தெரியாது. திரும்ப எடுத்து வைத்தாலும் தங்காது, மறுபடி குதிக்கும். அதனால் வலைக்குப் பதிலாகச் செடியைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போடுவதென்றால் இன்றோ நாளையோ போட வேண்டும். தவறவிட்டால் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டு மதிலை மட்டும் கவனியுங்கள்.

கூண்டுக்குத் தேவை வெல்டு மெஷ் (குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த விறைப்பான கம்பிவலை), கண் அளவு 5 × 10 செ.மீ., கம்பி 2 மி.மீ. அல்லது அதற்கு மேல். புல்புல் கம்பியில் உட்கார்ந்து, இறக்கையை ஒடுக்கி, 5 செ.மீ. சந்தில் நுழைந்துவிடும். வளர்ந்த பூனையின் தலை அதில் நுழையாது. கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய அறுகோண வலையில் புல்புல் நுழைய முடியாது, பெற்றோர் வெளியிலேயே நின்றுவிடும்.

அளவு: அகலம் 150, உயரம் 180 செ.மீ. உள்ள நான்கு மெஷ் பலகைகள், மேலே மூட 150 × 150 செ.மீ. ஒன்று. செடி நடுவே வரவில்லையென்றாலும் கூடு நடுவே வர வேண்டும். பூனை முன்காலை முழுக்க உள்ளே விட்டுத் துழாவும் என்பதால் எந்தப் பக்கமும் கூட்டிலிருந்து கம்பிக்கு 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இந்த அளவில் பக்கவாட்டில் 75, மேலே 50 கிடைக்கும். மேல்மூடியை விட்டுவிட்டால் மதிலிலிருந்து ஒரே தாவலில் உள்ளே விழும், பிறகு வெளியே வரத் தெரியாமல் கூண்டுக்குள்ளேயே பாயும். மூடி இல்லாத கூண்டு, கூண்டே இல்லாததைவிட மோசம்.

அடியில் 30 செ.மீ. அகல மெஷ் பட்டையை (மதில் பக்கம் இடம் உள்ள அளவுக்கு) வெளிப்பக்கமாக மடித்து, 30 செ.மீ.க்கு ஒரு கம்பி முளை அடித்துத் தரையோடு பதியுங்கள். வெட்டிய கம்பி முனைகளை ஒன்றுவிடாமல் மடக்குங்கள், பறவை அதே விளிம்பில்தான் உட்காரும். வெளியே நீட்டும் கிளைகளை வெட்டாதீர்கள், கம்பிக்கண் வழியாக வெளியே விடுங்கள். கிளை போனால் நிழல் போகும், வெயில் நேராகக் கூட்டில் விழும், காகத்துக்கும் கூடு தெரியும்.

கட்டும் வேலையைச் செடியருகே செய்யக் கூடாது. ‘ட’ வடிவில் இரண்டு பாதிகளாக வேறு இடத்தில் கட்டி முடித்து, இரண்டு பேர் தூக்கி வந்து, மூலைகளைக் கம்பியால் முறுக்கி, மூடியை ஏற்றி, 15 நிமிடத்துக்குள் விலகிவிடுங்கள். நேரம் காலை ஒன்பது மணிக்கு மேல், மழை இல்லாதபோது. உச்சி வெயிலும் சாயங்காலமும் வேண்டாம். பெற்றோர் பயந்து ராத்திரி அடையாமல் போனால் இந்த வயதுக் குஞ்சு குளிரில் விறைத்துவிடும்.

பிறகு வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். தாய்ப்பறவை அலகில் பூச்சியைக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, உள்ளே போகாமல் கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் கிட்டே நிற்கிறீர்கள் என்று அர்த்தம், இன்னும் பின்வாங்குங்கள். உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது அலகில் வெள்ளையாக ஒரு சிறு பை இருந்தால் (அது குஞ்சின் எச்சம்) எல்லாம் வழக்கப்படி நடக்கிறது. ஒரு மணி நேரமாகியும் இரண்டில் ஒன்றுகூட உள்ளே போகவில்லையென்றால் அவை வழக்கமாக வரும் பக்கத்துப் பலகையைக் கழற்றுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள்.

தினமும் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். மனித வாசனை பட்டால் பறவை கூட்டை விட்டுவிடும் என்பது உண்மையில்லை. ஆனால் ஆள் போய்ப் போய் நிற்கும் இடத்தைக் காகம் கவனிக்கும்.

---

மியாவ்மடி:

கூட்டுக்காவல் சொன்ன கூண்டு சரியானதுதான். ஆனா அதோட சேர்த்து மூணு பக்கம் வேலை இருக்கு: மதில், பக்கத்து வீட்டுப் பூனை, தெருப்பூனை. நான்னா முதல்ல மதிலைத்தான் பார்ப்பேன். பூனை கூட்டைத் தொடணும்னே இல்லை, கண்ணுக்குத் தெரியுற இடத்துல உட்கார்ந்தாலே போதும், கேடுதான். இங்கிலாந்துல ஷெஃபீல்டுல பண்ணி 2013ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு. கரும்பறவை (பிளாக்பேர்ட்) கூட்டுகிட்ட பாடம் பண்ணின பூனையை 15 நிமிஷம் மட்டும் வெச்சு எடுத்துட்டாங்க. எடுத்த பிறகும் ஒன்றரை மணி நேரம் வரைக்கும் இரை ஊட்டுறது மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது. அதைவிட மோசம், பெத்தது ரெண்டும் போட்ட கூச்சலைக் கேட்டுக் காகக் குடும்பத்துப் பறவைங்க வந்து கூட்டைச் சூறையாடினது பல மடங்கு ஏறிடுச்சு. உங்க மதில்ல தினமும் நிஜப் பூனையே உட்கார்ந்திருக்கு.

கூட்டுக்கு நேரா ரெண்டு பக்கமும் 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டர் மதிலை உட்கார முடியாத இடமா மாத்துங்க. காகிதப்பூ, எலுமிச்சைக் கிளைங்களைக் கட்டுக் கட்டா வெச்சு, காத்துல விழாத மாதிரி கம்பியால இறுக்கினா போதும். மதிலோட முழு அகலமும் மூடணும், 10 செ.மீ. காலி விட்டாலும் அதுல நடக்கும். மழுங்கின முனை இருக்கிற பிளாஸ்டிக் முள் பட்டையும் போடலாம். கண்ணாடித் துண்டு, கூர் ஆணி கூடாது. செடி அடியிலயும் 75 செ.மீ. அகலத்துக்கு முள் கழி பரப்புங்க.

இப்ப பக்கத்து வீட்டுப் பூனை. “உங்க பூனையை அடக்கி வைங்க”ன்னு போய் நின்னா காரியம் கெட்டுடும். “குஞ்சு இந்த வாரக் கடைசியில இறங்கும், அதுல இருந்து பத்து நாள் மட்டும் உள்ள வெச்சுக்க முடியுமா”ன்னு தேதி சொல்லிக் கேளுங்க. முடிவு தெரிஞ்ச கோரிக்கைக்கு மனுஷங்க ஒத்துக்குவாங்க. முழு நாளும் முடியாதுன்னா சூரிய உதயத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துல இருந்து உதயத்துக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம், அதே மாதிரி சாயங்காலம். பூனை மும்முரமா வேட்டையாடுறது அந்த வெளிச்சத்துலதான்.

மணியை நம்பாதீங்க. எக்ஸிடர் பல்கலைக்கழகம் 355 பூனைகளை வெச்சு நடத்தி 2021ல வெளியிட்ட ஆய்வுல மணியால குறிப்பிடுற மாதிரி பலன் இல்லை. பழைய ஆய்வு சிலதுல பலன் தெரிஞ்சிருக்கு, அதனால முழுக்கத் தள்ளவும் முடியாது. ஆனா பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணி கேட்டா மட்டும் என்ன செய்ய முடியும்? அதே 2021 ஆய்வுல பலன் கொடுத்தது இதெல்லாம்:

– தானியம் கலக்காத, இறைச்சி அதிகமுள்ள உணவு: வீட்டுக்குக் கொண்டு வந்த இரை 36% குறைவு.
– தினமும் 5 முதல் 10 நிமிஷம் கயித்துல இறகு கட்டி ஓடவிட்டு விளையாடுறது: 25% குறைவு.
– பளிச்சுனு நிறமுள்ள துணிக் கழுத்துப்பட்டை: பறவைகள் மட்டும் 42% குறைவு. பறவை நிறத்தைத் தூரத்துலயே பார்த்துடும்.

உருட்டினா தீனி விழுற புதிர்ப் பொம்மை கொடுத்த வீட்டுல வேட்டை 33% கூடிடுச்சு, அதனால அது வேண்டாம். பட்டை எதுவா இருந்தாலும் இழுத்தா தானா கழண்டுக்குற பிடி இருக்கணும், கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும்.

தெருப்பூனைக்கு வயிறு நிறையப் போட்டா வேட்டையாடாதுன்னு நினைக்காதீங்க. வேட்டை பசிக்கு மட்டும் நடக்கிறது இல்லை. யாராவது அதுக்குச் சோறு வைக்கிறாங்கன்னா இந்த நாளுங்கள்ல உங்க தோட்டத்துல இருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்க. பிடிச்சுக்கொண்டு போய் வேற இடத்துல விடுறது தீர்வு இல்லை. காலி இடத்துக்கு வேற பூனை வரும், எங்கயாவது குட்டி போட்டு வெச்சிருந்தா அது பட்டினியில செத்துடும். கருத்தடை செஞ்சு திரும்ப விடுறது நல்ல வேலைதான், ஆனா பலன் தெரிய வருஷக் கணக்காகும், இந்தக் கூட்டுக்கு உதவாது.

---

செம்பருத்திவேலி:

இருவருக்கும் நன்றி. நைலான் வலையைத் தொடவில்லை. மதிலுக்கு முள் கிளை இன்றே கட்டுகிறேன். அந்துருண்டை, மிளகாய்த்தூள், ஆரஞ்சுத் தோல் எல்லாம் போடச் சொல்கிறார்கள். அல்ட்ராசானிக் கருவியும் (நம் காதுக்குக் கேட்காத ஒலியால் பூனையை விரட்டுவது) வாங்கலாம் என்கிறார்கள். இவற்றில் எது உருப்படி?

---

தச்சுப்பட்டறை:

அந்துருண்டை பூனைக்கும் குழந்தைக்கும் விஷம். மிளகாய்த்தூள் பூனையின் கண்ணில் பட்டால் பெரிய வேதனை. இரண்டையும் தொடாதீர்கள். ஆரஞ்சுத் தோலால் கெடுதல் இல்லை, காய்ந்ததும் வாசம் போய்விடும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அல்ட்ராசானிக் கருவி பூனைகளின் வரவைக் குறைக்கும், நிறுத்தாது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இந்தக் கூட்டுக்கு வாங்க வேண்டாம். அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் சென்சார் தெளிப்பான் இதைவிட நல்லது. ஆனால் அதைக் கூட்டை நோக்கி வைக்கக் கூடாது. பூனை மதிலிலிருந்து இறங்கும் தடத்தில், கூட்டிலிருந்து 4 மீட்டராவது தள்ளி, சென்சாரைப் பூனையின் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 20–30 செ.மீ.க்குக் குறிவைத்து வையுங்கள். எதிரே காற்றில் ஆடும் இலை இருந்தால் வெயிலில் தப்பாக இயங்கித் தண்ணீர்தான் வீணாகும்.

இனி உங்கள் நான்காவது கேள்வி. பெட்டிக்கு முன் கம்பத்தைப் பேசுவோம், பலரும் பெட்டியை அழகாகச் செய்து கம்பத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

3 மீட்டர் நீள ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), குறுக்களவு 4 செ.மீ., 60 செ.மீ. மண்ணுக்குள் காங்கிரீட்டில். மேலே 2.4 மீ. நிற்கும். மரக்கம்பம் போட்டால் பூனைக்கு நகம் ஊன்ற ஏணி கொடுத்த மாதிரி. கம்பத்தின் நடுவில் 15 செ.மீ. குறுக்களவுள்ள பிவிசி குழாய், 75 செ.மீ. நீளம், உறை மாதிரி தொங்க வேண்டும். குழாயின் மேல்வாயை மூடியால் அடைத்து, மூடியின் நடுவே 4.5 செ.மீ. துளை போட்டுக் கம்பத்தில் மாட்டுங்கள். கம்பத்தில் ஒரு ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக வளையம்) முறுக்கினால் மூடி அதன்மேல் உட்காரும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தொட்டால் ஆட வேண்டும். பூனை கம்பத்தில் ஏறி வந்து உறைக்குள் தலையை விட்டு, மேலே வழி இல்லாமல் இறங்கிவிடும். வெளிப்பக்கம் தொத்தினால் வழுக்கும், ஆடும். உறையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 1.9 மீட்டராவது இருக்கட்டும், நல்ல பூனை நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் தாவும்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு மதிலிலிருந்து ஒன்றரை மீட்டரில் கம்பம் நட்டால் அத்தனையும் வீண். மதில், கிளை, கூரை, தண்ணீர்த் தொட்டி எதுவாக இருந்தாலும் பெட்டியிலிருந்து கிடையாக 2.5 மீ. தள்ளி இருக்க வேண்டும். கம்பத்தில் கிரீஸ் தடவச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். இறகில் ஒட்டினால் போகாது, அந்த இறகு நனையாமலும் காக்காது, சூட்டையும் பிடிக்காது.

பெட்டியில் கவனிக்க வேண்டியது: சிட்டுக்குருவிக்கு வாசல் 32 மி.மீ. வாசலின் கீழ்விளிம்பிலிருந்து அடித்தளம் 15 செ.மீ. ஆழம். வாசலைச் சுற்றி 25 மி.மீ. தடிமனில் அதே துளையுள்ள இன்னொரு மரத்துண்டை முன்பக்கம் திருகுங்கள். வாசல் சுரங்கம் போல நீண்டுவிடும், பூனையால் கையை வளைத்துக் கீழே விட முடியாது. கூரை முன்பக்கம் 12 செ.மீ. நீட்டிச் சரிவாக இருக்கட்டும், பூனை மேலே உட்கார்ந்து குனிந்து துழாவுவதற்கு அதுதான் தடை. வாசலுக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை, வேட்டையாடும் பிராணிக்குத்தான் பிடிமானம்.

பெரிய மரத்தில் கூடு இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 60 செ.மீ. அகல வழவழப்பான தகட்டை, கீழ்விளிம்பு 1.2 மீ. உயரத்தில் வரும்படி மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி அடிக்காமல் இரண்டு முனைகளையும் ஸ்பிரிங்கால் இணையுங்கள், மரம் பருக்கப் பருக்க அது இளகிக் கொடுக்கும். கம்பியால் இறுக்கினால் நாளடைவில் பட்டையை அறுத்து மரமே போகும்.

---

கூட்டுக்காவல்:

மூன்றாவது கேள்வி பாக்கி நிற்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கூட்டில் இருந்த நாட்களைவிட, இறங்கிய முதல் நான்கைந்து நாட்களில்தான் பூனை அதிகம் பிடிக்கும். குஞ்சு நன்றாகப் பறந்து போய்விடும் என்று நினைத்து மக்கள் காவலைத் தளர்த்துவதும் அப்போதுதான்.

புல்புல் குஞ்சு கூட்டைவிட்டு வரும்போது வால் ஒரு விரல் அளவுகூட இருக்காது. தத்தித் தத்தி ஏறும், இரண்டு மூன்று மீட்டர் சறுக்கியபடி பறக்கும், தரையில் விழும், அங்கேயே உட்கார்ந்து பசிக்குக் கத்தும். அந்தச் சத்தம்தான் பூனைக்கு வழிகாட்டி. தரையிலிருந்து மேலே ஏற வழி செய்துவைப்பது நம் வேலை. செடிக்குள்ளும் கூண்டுக்கு வெளியேயும் நான்கைந்து சொரசொரப்பான கழிகளை 45 பாகை சாய்வில் தரையிலிருந்து கிளைக்குச் சாத்திவையுங்கள், விரல் தடிமன் போதும். குஞ்சு அதைப் பிடித்து ஏறிவிடும். இதை இப்போதே, கூண்டு கட்டும் அதே 15 நிமிடத்துக்குள் செய்துவிடுங்கள்.

கூண்டைக் குஞ்சு இறங்கிய அன்றே பிரிக்காதீர்கள். குஞ்சு கம்பிச்சந்து வழியாக வெளியே வந்துவிடும், பயந்தால் உள்ளேயும் ஓடும். குறைந்தது நான்கு நாள் நிற்கட்டும்.

தரையில் குஞ்சைப் பார்த்தால் முதலில் இறகைப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகு மூடி, விரலைப் பற்றி உட்காரும் குஞ்சு என்றால் அது விழுந்ததல்ல, இறங்கியது. வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். எடுத்து 5 மீட்டருக்குள் இருக்கும் அடர்ந்த புதரில் ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்தில் உட்கார வைத்துவிட்டு விலகுங்கள். அதன் சத்தத்தை வைத்தே பெற்றோர் கண்டுபிடிக்கும். இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். கூடும் சிதைந்திருந்தால் 10 செ.மீ. வாயுள்ள சிறு கூடையில், அடியில் தண்ணீர் வடியத் துளையிட்டு, காய்ந்த புல் போட்டு, அதே கிளையில் கட்டுங்கள். பஞ்சு வேண்டாம், நனைந்தால் காயாது, நூல் காலில் சுற்றும்.

இந்த நாட்களில் தண்ணீர்க் கிண்ணத்தைச் செடியடியில் வைக்காதீர்கள். நான்கு பக்கமும் இரண்டு மீட்டர் வெட்டவெளி இருக்கும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் குடிக்கும் பறவை தலை குனிந்திருக்கும், பக்கத்தில் மறைவிடம் இருந்தால் பூனை ஒரே பாய்ச்சலில் வந்துவிடும்.

---

இறகுமருந்து:

பூனை வாயிலிருந்து மீட்ட குஞ்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன். ரத்தம் தெரியவில்லை, நடக்கிறது, கத்துகிறது என்பதை வைத்து “தப்பித்துவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். ஊசிமுனை அளவு பல் குத்து போதும், இறகுக்கடியில் கண்ணுக்கே தெரியாது. ரத்தத்தில் பரவி ஒன்றிரண்டு நாளில் பறவை இறந்துவிடும். ஆகவே பூனை வாயில் பட்ட எந்தப் பறவைக்கும் ஆன்டிபயாடிக் தேவை. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். மருந்தையும் அளவையும் அவர்தான் சொல்ல வேண்டும், மனிதர்களுக்கு வாங்கி வைத்த மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கொண்டு போகும்வரை: காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் நூல் பிரியாத பருத்தித் துணி, மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடம். பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். சூடு அதிகமானால் குஞ்சு மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பால் கூடவே கூடாது.

எங்கே, எத்தனை மணிக்கு மீட்டீர்கள் என்பதைப் பெட்டியின் மேல் எழுதிவையுங்கள். குணமானால் அதே தோட்டத்தில், பெற்றோர் குரல் கேட்கும் தூரத்தில்தான் விட வேண்டும்.

---

செம்பருத்திவேலி:

முள் கிளை கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் பத்து நாளுக்குச் சரி என்றார்கள். கூண்டு நாளைக் காலை. கடைசியாக ஒன்று: எல்லாம் முடிந்த பிறகு பழைய கூட்டை எடுத்துவிடலாமா? செடியையும் கவாத்து செய்ய வேண்டியிருக்கிறது.

---

கூட்டுக்காவல்:

கடைசிக் குஞ்சு இறங்கி இரண்டு வாரம் போகட்டும். புல்புல் ஒரே பருவத்தில் மறுபடி முட்டையிடும், புதுக் கூடு அதே செடியின் வேறு கிளையிலேயே இருக்கலாம். அதனால் கத்தரியை எடுக்கும் முன் கிளை கிளையாகப் பாருங்கள். பழைய கூட்டை எடுத்துவிடலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே உண்ணிப்பூச்சி இருக்கும். கவாத்தில் உள்கிளைகளை விட்டு வெளிநுனிகளை மட்டும் வெட்டினால் செடி அடர்ந்து வரும். மதிலை நோக்கி நீளும் கிளைகளை முழுதாக எடுத்துவிடுங்கள், அடுத்த கூடு மதிலிலிருந்து தள்ளி அமைய அது உதவும். கூண்டுப் பலகைகளை எண்ணெய் தடவாமல் காய்ந்த இடத்தில் சாய்த்து வையுங்கள். அடுத்த முறை குஞ்சு பொரித்து இரண்டாம் மூன்றாம் நாளிலேயே மாட்டிவிடலாம்.